ஷட்டர் பாதி இறங்கினா என்ன அர்த்தம்?

"நாளைக்கு பந்த்"னு கிளாஸ் குரூப்ல மெசேஜ் வந்தா நாம முதல்ல கேக்குறது, "காலேஜ் லீவா?" அடுத்தது, "இன்டர்னல் தள்ளிப் போகுமா?" இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சதும் போர்வையை இழுத்து மூடித் தூங்கிடுவோம். நானும் அப்படித்தான்.

ஆனா பந்த் ஒரு மரியாதையான விஷயம். முந்தின நாளே சொல்லிட்டு வரும். இந்தக் கட்டுரை சொல்லாம வர்ற நாளைப் பத்தியது. நீங்க ஸ்டேஷன்ல இருக்கீங்க, இல்லன்னா வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல கையில பழச்சாறோட நிக்கிறீங்க. நாலு தெரு தள்ளி ஏதோ நடக்குது. என்னன்னு தெரியாது. அந்த அரை மணி நேரத்துல என்ன செய்றதுன்னு ஸ்கூல்ல எனக்கு யாரும் சொல்லித் தரல. தீ விபத்துக்கு ட்ரில் இருக்கு, நிலநடுக்கத்துக்குக்கூட மேசைக்கு அடியில உட்காரச் சொன்னாங்க. நம்ம மாவட்டத்துல நிலநடுக்கத்தை நான் பாத்ததில்ல. மத்தது நடந்திருக்கு.

(முதல்லயே ஒரு வேண்டுகோள். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இதுல கலந்துதான் வரும். ஒற்றுப் பிழை இருந்தா எடிட்டர் அக்காவைக் கேளுங்க.)

"நம்ம ஊரு அமைதியான ஊரு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. பெரும்பாலான நாட்கள் அது உண்மைதான். ஆனா இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே ஒரு போராட்டத்தால்தான். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போ நாம திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அப்புறம் 1982 மார்ச் 1, மண்டைக்காட்டில் கொடை விழா நேரத்தில் மோதல், துப்பாக்கிச் சூடு, அதைத் தொடர்ந்து பல கடலோர ஊர்களில் கலவரம். அதை விசாரிக்க வேணுகோபால் கமிஷன் போட்டாங்க. 2018 நவம்பர் 23 பந்த்தையொட்டி பஸ்கள் மேல கல் விழுந்தது நமக்கே ஞாபகம் இருக்கும். இதுல எதுல யார் சரி, யார் தப்புன்னு நான் எழுதப் போறதில்ல. அதுக்கு வேற ஆட்கள் இருக்காங்க. எனக்கு அந்த நாட்கள்ல சும்மா ரோட்டுல போய்க்கிட்டிருந்தவங்களைப் பத்தித்தான் யோசனை.

ஏன்னா நமக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு: "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அதனால எனக்கு ஒண்ணும் ஆகாது." இது எவ்வளவு தப்பான நம்பிக்கைன்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டாம், தூத்துக்குடி போதும். 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கி மக்கள் ஊர்வலமாகப் போனாங்க. அன்றைக்கும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தாங்க. கலெக்டர் அலுவலகம் இருப்பது ஒரு பக்கம், திரேஸ்புரம் என்கிற மீனவர் பகுதி இருப்பது வேற பக்கம். அந்தத் திரேஸ்புரத்தில் செத்துப்போன ஒரு அம்மா, மகளுக்கு மீன் கொடுக்கப் போனவங்க என்று அப்போது செய்திகளில் வந்தது. பின்னாடி நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரிச்சு, தப்பி ஓடினவங்களையும் போலீஸ் சுட்டிருக்குன்னு அறிக்கை கொடுத்தது. ஓடுறவங்க முதுகுல குண்டு பாயுதுன்னா, "நான் சும்மா போறேன் சார்"னு சொல்ல அங்க நேரம் எங்க இருக்கு? சம்பந்தமில்லாம இருப்பது ஒரு கவசமே இல்ல. கல்லுக்கும் தெரியாது, லத்திக்கும் தெரியாது.

அதனால முதல் வேலை, அந்த இடத்துல இல்லாம இருக்கிறது. அதுக்கு ரோட்டைப் படிக்கத் தெரியணும்.

நம்ம ஊர் ரோடு நிறைய பேசும். கடை ஷட்டர் பாதி இறங்கி, கடைக்காரர் வெளியே வந்து ஒரே திசையைப் பாத்துக்கிட்டு நின்னா, அந்தத் திசையில் ஏதோ இருக்கு. முழுசா மூடினா மதியச் சாப்பாடா இருக்கலாம். பாதி இறங்கின ஷட்டர்தான் செய்தி. எதிர்ப்பக்கத்திலிருந்து பத்து நிமிஷமா ஒரு பஸ்ஸும் வரலன்னா கவனிங்க. மினி பஸ் டிரைவர் ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினா, அவர்கிட்ட சண்டை போடாதீங்க. அவருக்கு போன் வந்திருக்கு, உங்களுக்கு வரல. டீக்கடையில பாய்லரை அணைச்சா அது ரொம்பப் பெரிய அறிகுறி. எங்க ஊர்ல மழை, மின்வெட்டு, கல்யாணம், சாவு எதுக்கும் அணைக்காத பாய்லர் அது.

இந்த அறிகுறிகளைப் பாத்த பிறகு நாம வழக்கமா செய்றது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, என்னன்னு பாக்கப் போறது. இன்னொண்ணு, எப்படியாவது வீட்டுக்குப் போயிடணும்னு வழக்கமான வழியிலேயே அவசரமாப் போறது. முதல் ஆளை முட்டாள்னு எல்லாரும் சொல்வாங்க. ரெண்டாவது ஆளை யாரும் சொல்றதில்ல. ஆனா எனக்கென்னவோ ரெண்டாவது ஆள்தான் அதிகம் மாட்டுறாங்கன்னு தோணுது. வீடு பிரச்சினைக்கு அந்தப் பக்கம் இருந்தா, வீட்டுக்குப் போற வழிதான் ஆபத்தான வழி.

எங்க அம்மாவுக்கு இது எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னும் எனக்குப் புரியல. 2017 டிசம்பர் 7, நான் எட்டாம் கிளாஸ். கண் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போயிட்டு ரெண்டு பேரும் ரயில்ல திரும்புறோம். எங்க வீடு அருமனைப் பக்கம். குழித்துறையில் இறங்கி பஸ் பிடிக்கணும். வண்டி பாறசாலையில நின்னுச்சு, நின்னது நின்னதுதான். ஒக்கி புயல் போய் ஒரு வாரம் ஆகியிருந்த நேரம். கடலுக்குப் போன ஆட்கள் திரும்பி வரல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு அந்தப் பக்கத்து கடற்கரை ஊர்க்காரங்க ஆயிரக்கணக்கில் நடந்தே வந்து குழித்துறை ஸ்டேஷன் தண்டவாளத்தில் உட்கார்ந்துட்டாங்க. பெண்கள், குழந்தைகள் எல்லாரும். ராத்திரி வரைக்கும் எழுந்திரிக்கல.

பெட்டியில ஆளாளுக்கு ஒரு கதை. ஒருத்தர் "கல்லெறியுதானாம்" என்றார். இன்னொருத்தர் "சுட்டாச்சு" என்றார். ரெண்டும் பொய். அங்க உட்கார்ந்திருந்தவங்க அப்பனையும் புருஷனையும் தேடித் தரச் சொல்லி அழுதுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான். ஆனா அந்தப் பொய்யைக் கேட்டதும் பெட்டியில பாதிப் பேர் பயந்தாங்க. மீதிப் பேர் தண்டவாளம் வழியாவே நடந்து போயிடலாம்னு கிளம்பினாங்க. அம்மா ரெண்டும் செய்யல. பிளாட்பாரத்துல டீ விக்கிறவர்கிட்டப் போய், "அண்ணா, இஞ்சோட்டு வந்த கடைசி வண்டி எப்ப வந்துது?"ன்னு கேட்டாங்க. எங்க என்ன நடக்குதுன்னு கேக்கல. அதுக்கு எல்லார்கிட்டயும் ஒரு பதில் இருக்கும். கடைசி வண்டி எப்ப வந்ததுன்னு அங்க இருக்கிறவருக்குத்தான் தெரியும். அவர் காலையில்னு சொன்னார். அம்மா என் கையைப் பிடிச்சு வெளியே வந்து, களியக்காவிளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பளுகல் வழியா ஒரு ஆட்டோன்னு சுத்திக்கிட்டு, குழித்துறையைத் தொடாமலேயே அருமனை வந்து சேர்ந்தாங்க. ஆட்டோக்காரர் கேட்ட காசுக்கு அம்மா பேரம் பேசல. எங்க அம்மா பேரம் பேசாம விட்டதை நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு குழித்துறையில் இருந்த கூட்டத்தால யாருக்கும் ஆபத்து இல்ல. கூட்டம்னாலே கலவரம்னு நினைக்கிறவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க, அது சரியில்ல. உட்கார்ந்திருக்கிற கூட்டம் வேற. ஓடுற கூட்டம் வேற. ஆனா உட்கார்ந்த கூட்டம் எப்போ எழுந்து ஓடும்னு வெளியிலிருந்து வந்த நமக்குத் தெரியாது. அவங்க துக்கத்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போறதும், பயந்து ஒதுங்கிப் போறதும் வெளியே பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மா எந்தக் காரணத்துக்காக ஒதுங்கினாங்கன்னு நான் கேட்டதில்ல. அன்னைக்கு ராத்திரி டிவியில அந்தப் பெண்களைப் பாத்து அழுதாங்க, அது தெரியும்.

ஒதுங்குறதுன்னா எங்கே? இதுல நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு வசதி இருக்கு. கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வெறும் பொட்டல் கிடையாது. ரோட்டிலிருந்து ஒரு சின்ன வழியில இறங்கினா ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு, வாழை, நடுநடுவே வீடுகள். நூறு மீட்டர் உள்ளே போனா மெயின் ரோடு சத்தமே கேக்காது. கூட்டம் மெயின் ரோட்டில்தான் போகும், போலீஸ் வேனும் அங்கதான் போகும். அதனால கூட்டம் போற திசைக்கு முன்னாலயும் ஓட வேண்டாம், எதிராவும் போக வேண்டாம், குறுக்கே இறங்குங்க. நாகர்கோவில் டவுன்ல இது கொஞ்சம் கஷ்டம். அங்க தோட்டத்துக்குப் பதிலா ரெண்டு வாசல் உள்ள கடை, ஆஸ்பத்திரி, வழிபாட்டு இடம்னு பாக்கணும். ஒரே வாசல் உள்ள மாடிக்கடை வேண்டாம். கடலோர ரோட்டுல இன்னும் கஷ்டம். ஒரு பக்கம் கடல். இறங்க ஒரு பக்கம்தான் மிச்சம், அதனால சீக்கிரமே முடிவெடுக்கணும்.

இனி அந்தப் பாக்கப் போற ஆள். போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரீல்ஸ் எடுக்க நிக்கிற நம்ம ஆள். சட்டத்துல ஒரு சுவாரசியமான எண் இருக்கு: அஞ்சு. பொது அமைதியைக் குலைக்க வாய்ப்புள்ள அஞ்சு பேரோ அதுக்கு மேலோ உள்ள கூட்டத்தைக் கலையச் சொல்லி அதிகாரம் உள்ளவர் உத்தரவிட்ட பிறகும், தெரிஞ்சே அதுல நின்னா குற்றம். 2024 ஜூலை 1 முதல் இது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 189ஆம் பிரிவில் வருது. நாம 144னு சொல்ற தடையுத்தரவுகூட இப்போ வேற சட்டத்துல 163 ஆயிடுச்சு. நம்ம பெஞ்சுல எத்தனை பேர்? கேன்டீன்ல ஒரே தட்டுல கை வைக்கிறது எத்தனை பேர்? வேடிக்கை பாக்க நிக்கிற அஞ்சு பசங்களுக்கும் கல்லோட நிக்கிற அஞ்சு பசங்களுக்கும் ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது.

அப்புறம் வழக்கு. எஃப்.ஐ.ஆர்.ல சில பேர் பெயரும், அதுக்கப்புறம் "மற்றும் பலர்" என்றும் எழுதுவாங்க. பக்கத்து மாவட்டத்துல கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தில் அப்படி ஆயிரக்கணக்கானவங்க மேல வழக்கு வந்தது. அந்தப் "பலர்" யாருன்னு பிறகு வீடியோ பாத்துத்தான் தேடுவாங்க. நீங்களே எடுத்துப் போட்ட வீடியோவா இருந்தா வேலை சுலபம். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் காத்துக்கிட்டிருக்கிற ஃபைனல் இயர் மக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு நினைக்கிறேன். ஆனா அநியாயம் நடக்கும்போது அதை எடுத்தவங்க வீடியோதான் பிறகு சாட்சி ஆகியிருக்கு, அதையும் மறுக்க முடியாது. அதைத் தெரிஞ்சு, துணிஞ்சு செய்றவங்க செய்யட்டும். லைக்குக்காக நிக்காதீங்க.

கண்ணீர்ப் புகைக்கு வருவோம், கெமிஸ்ட்ரி கொஞ்சம். பெயர்தான் புகை. பெரும்பாலும் பயன்படுத்துற சி.எஸ். சாதாரண வெப்பநிலையில வாயுவே கிடையாது, திடப்பொருள். நுண்ணிய பொடியாத்தான் பரவும். அதனால அது உடம்பு, முடி, துணி எல்லாத்திலும் ஒட்டும். கண்ணைக் கசக்கினா இன்னும் உள்ளே போகும். தாழ்வான இடத்தில் தங்கும், அதனால படி இறங்கி சப்வே மாதிரி இடங்களுக்குள்ள போகக் கூடாது. காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதோ அந்தப் பக்கமா நடக்கணும். நிறைய சாதாரண தண்ணியில கண்ணையும் முகத்தையும் கழுவணும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா, கையைக் கழுவிட்டு அதை எடுத்துப் போட்டுடணும். திறந்த இடத்துக்கு வந்துட்டா பெரும்பாலானவங்களுக்கு அரை மணி நேரத்துக்குள்ள எரிச்சல் குறையும். ஆஸ்துமா இருக்கிறவங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க, அவங்க நேரா ஆஸ்பத்திரி போகணும். விழுந்து கிடக்கிற குண்டைக் கையால எடுத்து திருப்பி எறியுறது சினிமாவுக்கு. அது கையைச் சுட்டுடும், எறியுறவங்க யாருன்னும் அப்போ முடிவாயிடும்.

முகத்துக்கு ஷால் கட்டலாமான்னு என் தோழி கேட்டா. மூச்சுக்கு நல்லதுதான். ஆனா முகத்தை மூடிக்கிட்டு நடக்கிற ஆள் போலீஸ் கண்ணுக்கு வேற மாதிரி தெரியும். புகை இருக்கிற வரைக்கும் கட்டிக்கோங்க, வெளியே வந்ததும் அவிழ்த்துடுங்க. பையை முன்னாடி மாட்டி, ஐ.டி. கார்டு வெளியே தெரிய, ரெண்டு கையும் தெரியுற மாதிரி நடங்க. லத்தியோட வர்றவங்களைப் பாத்து ஓடாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசில்ல. ஓடத்தான் தோணும். கூட்டத்தோட ஒரே திசையில் ஓடாம பக்கத்துல இருக்கிற வாசலுக்குள்ள போயிடுங்க.

வாசல்னு சொன்னதும் பாட்டா ஞாபகம். அம்மாவோட அப்பா, கருங்கல் பக்கம். 1982ல அவருக்கு மரச்சீனிக் கிழங்கு வியாபாரம். சைக்கிள்ல மூட்டை கட்டிக் கடற்கரைக்குக் கொண்டு போவார். இங்கேயிருந்து கிழங்கு, அங்கேயிருந்து மீன். மண்டைக்காட்டில் சுட்ட செய்தி வந்தப்போ அவர் மணவாளக்குறிச்சியைத் தாண்டி வந்துக்கிட்டிருந்தார். எதிரே ஓடி வந்த ஒரு ஆள், "எந்த ஊரு?"ன்னு கேட்டிருக்கார். சாதாரண நாள்ல நம்ம மாவட்டத்தின் அன்பான கேள்வி அது. ஊரைச் சொன்னா, யார் மகன், எந்த வீடு, யாரைக் கட்டினதுன்னு பத்து நிமிஷத்துல சொந்தமாக்கிடுவாங்க. அன்னைக்கு அதே கேள்விக்கு அர்த்தம் வேற. ஊரைச் சொன்னா நீ எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். பாட்டா, "சந்தைக்குப் போறேன்"னு மட்டும் சொல்லி, சைக்கிளை ஓரமா சாத்திட்டு தென்னந்தோப்புக்குள்ள இறங்கிட்டார். உள்ளே ஒரு வீடு. கதவைத் தட்டினார். அவர் கணக்கு ரொம்ப எளிமை: வெளியே குழந்தைத் துணி காயுற வீட்டைத் தட்டணும். அந்த வீட்டுல அடிதடிக்குப் போற நேரம் யாருக்கும் இருக்காது.

ரெண்டு ராத்திரி அங்க இருந்திருக்கார். கருப்பட்டிக் காப்பியும் கஞ்சியும் கொடுத்தாங்களாம். ஒரு தடவை வெளியே யாரோ வந்து "வேத்தாளு யாராவது உண்டா?"ன்னு கேட்டதுக்கு, அந்த வீட்டுக்கார அம்மா, "எனக்க அண்ணன்தான் கெடக்காரு, காய்ச்சல்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மூணாம் நாள் ரோட்டுக்கு வந்து பாத்தா சைக்கிள் போயிருந்தது. கிழங்கு மூட்டை மட்டும் அங்கேயே கிடந்ததாம். அதைத் தூக்கிட்டுப் போய் அந்த வீட்டிலேயே கொடுத்துட்டு நடந்தே கருங்கல் வந்திருக்கார்.

"அவங்க எந்தப் பக்கம் பாட்டா?"ன்னு நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "தெக்குப் பக்கம் மக்கா, கடலப் பாத்து வாசல்" என்பார். கடைசி வரைக்கும் அவ்வளவுதான் சொன்னார்.

கலவரம் நடக்கும்போது தெரியாதவங்க உங்க வீட்டுக் கதவைத் தட்டினா என்ன செய்வீங்கன்னு நீங்களும் யோசிச்சு வைக்கலாம். எனக்கு உறுதியா பதில் தெரியாது. எங்க வீட்டுக் கொடியில குழந்தைத் துணி காயுறதில்ல.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற நம்ம மாவட்டத்திலும் சேர்த்து இன்டர்நெட்டை நிறுத்தினாங்க. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும். அன்னைக்கு எங்க வீட்டுல கேம் விளையாட முடியலன்னு தம்பி அழுதான், அவ்வளவுதான் பாதிப்பு. இன்னைக்கு அதே நடந்தா? ஆட்டோவுக்கு ஜிபே, டீக்கு ஜிபே, வழிக்கு மேப்ஸ், அம்மாவுக்கு வாட்ஸ்அப் கால். நெட் போனாலும் சாதாரண கால் போகும், எஸ்.எம்.எஸ். போகும், 112 போகும். ஆனா சார்ஜ் இல்லாம போன் செத்துட்டா, யாரோட போன்லயாவது அடிக்க உங்களுக்கு எத்தனை நம்பர் மனப்பாடம்? என் கிளாஸ்ல கேட்டுப் பாத்தேன். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு, அதுவும் அவங்க சொந்த நம்பர்.

என் ஐ.டி. கார்டு உறைக்குள்ள, போட்டோவுக்குப் பின்னாடி, ஒரு துண்டுக் காகிதம் இருக்கு. அம்மா நம்பர், நாகர்கோவில் சித்தி நம்பர், மார்த்தாண்டம் மாமா நம்பர். கூடவே மடிச்சு வெச்ச இருநூறு ரூபாய். அதை எடுத்துப் பொரோட்டா சாப்பிடலாம்னு ரூம்மேட் இந்த செமஸ்டர்ல மட்டும் மூணு தடவை கேட்டுட்டா. இன்னும் கொடுக்கல.